லாரி நிற்பதற்கு முன்பே சங்கம் பேசுவது ஏன்?

கேள்வி: லாரி ஸ்டிரைக் என்ற பேச்சு கிளம்பினாலே, சங்கத் தலைவர் முதலில் டிவிக்காரர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார்ந்துவிடுகிறார். 'ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் கோடி இழப்பு' என்கிறார். வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மறுநாள் காலையே மண்டியில் எனக்கு வெங்காயமும் பூண்டும் விலை ஏறிவிடுகிறது. கோரிக்கை அரசாங்கத்திடம்தானே? மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் பொதுமக்களை ஏன் பயமுறுத்துகிறார்கள்? அந்தக் கோடிக் கணக்கை யார் போடுகிறார்கள்?

மளிகைக் கடைக்காரர், தேரடி வீதி, திருவண்ணாமலை.

பதில்: ஒரு கேள்வி என்று எழுதி மூன்று கேட்டுவிட்டீர்கள். மனு போதாதா, கோடிக் கணக்கு எங்கிருந்து வருகிறது, வண்டி ஓடும்போதே விலை ஏன் ஏறுகிறது. மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவது, கல்லாவில் உட்கார்ந்து பழகியவருக்குத்தான் தோன்றும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் பரவலான ஓர் எண்ணத்தை ஒதுக்கிவைப்போம். பேட்டி கொடுப்பதே பீதி கிளப்பத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பீதிதான் நோக்கம் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை ஓரங்கட்டுவதல்லவா நல்ல வழி? சந்தை அப்போதுதான் அதிகம் தடுமாறும். நடப்பது அதற்கு நேர்மாறு. 2018 ஜூலை 20 அன்று தொடங்கி 27 வரை நீடித்த நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ் நடத்தியது அது. தேதி வாரக்கணக்கில் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. கோரிக்கைகளும் அறிவிக்கப்பட்டன: டீசல் விலை, டோல், தேர்டு பார்ட்டி பிரீமியம் (நம் வண்டியால் பிறருக்கு நேரும் உயிர்ச்சேதத்துக்கும் பொருட்சேதத்துக்கும் கட்டாயமாகக் கட்டும் காப்பீட்டுத் தொகை). நம் மாநிலத்தில் இத்தகைய அறிவிப்பு வந்தால் பால், மருந்து, குடிநீர் வண்டிகள் ஓடும் என்ற வரி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். பயமுறுத்த வருகிறவர் விலக்குப் பட்டியலோடு வரமாட்டார்.

அப்படியானால் பேட்டி யாருக்கு? பாதி, சங்கத்தின் சொந்த உறுப்பினர்களுக்கு. இதுதான் வெளியாட்களுக்குத் தெரியாத சங்கதி.

ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் அத்தனை பேருக்கும் சேதி போய்விடும். லாரித் தொழிலுக்குக் கேட் கிடையாது. நம் நாட்டு லாரிகளில் பெரும்பங்கு, ஐந்து வண்டிக்கும் குறைவாக வைத்திருப்பவர்களின் கையில் இருக்கிறது. ஒற்றை வண்டியை வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிறவர்கள் ஏராளம். நாமக்கல்லில் பதிவான வண்டி இன்று நாமக்கல்லில் இருக்காது. சரக்கோடு அசாம் பக்கம் போயிருந்தால், அங்கே ரிட்டன் லோடு கிடைத்துத் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். நாளை நிறுத்தம் என்று இன்று சொன்னால் அந்த வண்டி அடுத்தவர் மாநிலத்தில் சரக்கோடு மாட்டிக்கொள்ளும். டிரைவருக்குச் சாப்பாட்டுக்கும் திண்டாட்டம், சரக்குக்கும் பாதுகாப்பில்லை. அதனால்தான் தேதியை முன்கூட்டியே சொல்லி, அதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே 'புக்கிங் நிறுத்தம்' என்று அறிவிக்கிறார்கள். புதிய சரக்கை ஏற்கமாட்டோம், ஏற்றிய வண்டி இறக்கிவிட்டு ஊர் வந்து சேரட்டும் என்பது அதன் பொருள். எந்தச் சாலையில் எந்த டாபாவில் நிற்கிறாரோ அந்த டிரைவரின் காதுக்கு இது எட்ட வேண்டும்.

டிரைவருக்குச் சேதி எட்டவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நம் ஊரிலேயே ஆண்டுதோறும் பார்க்கிறோம். கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் வழியாக வந்து செஞ்சி, திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையும், வேலூரிலிருந்து போளூர் வழியாக வந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையும் திருவண்ணாமலையில் சந்திக்கின்றன. கார்த்திகை தீபத்தன்று கனரக வண்டிகளை மாற்றுப்பாதையில் திருப்பிவிடுகிறார்கள். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் முன்னதாகவே அறிவிக்கின்றன; உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். கிருஷ்ணகிரி பக்கமிருந்து புதுச்சேரிக்கு இரும்பு ஏற்றி வரும் வெளிமாநில டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? புக்கிங் ஆபீஸ், லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு, வழியில் காதில் விழும் செய்தி, இவைதான் அவருக்கு வழி. ஒரு நாள் பாதை மாற்றத்துக்கே இவ்வளவு பாடு. தேசம் முழுக்க வண்டி நிறுத்த வேண்டுமென்றால் பத்திரிகையும் டிவியும் இல்லாமல் சங்கம் என்ன செய்யும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தொழிலுக்குச் சங்கம் ஒன்றல்ல. மாநிலத்துக்கு நாமக்கல்லை மையமாகக் கொண்ட தமிழ்நாடு மாநில லாரி உரிமையாளர்கள் சம்மேளனம். அதன் கீழும் அதற்கு வெளியிலும் ஊர்ச் சங்கங்கள். டேங்கருக்குத் தனி, மணல் லாரிக்குத் தனி, டிரெய்லருக்குத் தனி. தேசிய அளவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள். 2018 ஜூலை நிறுத்தத்துக்கு முந்தைய மாதம், ஜூன் 18 அன்று, வேறொரு தேசிய அமைப்பு தனியாக ஒரு நிறுத்தத்தைத் தொடங்கியிருந்தது. இரண்டு மாதத்தில் இரண்டு அழைப்பு. எது யாருடைய அழைப்பு, தன் சங்கம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று வண்டிக்காரர் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? மாநிலத் தலைவர் முகம் காட்டிச் சொன்னால்தான் நம்புவார்.

இனி நீங்கள் கேட்ட மனு. அது போகாமலில்லை, போய்க்கொண்டேதான் இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், அதை எந்தக் கதவில் கொடுப்பது என்பதுதான். ஆலைத் தொழிலாளிக்கு எதிரில் முதலாளி இருக்கிறார்; நடுவில் தொழிலாளர் துறை அதிகாரி உட்கார்ந்தால் அது முத்தரப்புப் பேச்சுவார்த்தை. தொழிலாளி, முதலாளி, அரசு என்று மூவரும் ஒரே மேசையில். லாரி உரிமையாளர் தானே முதலாளி. அவரை வதைக்கும் செலவுகளை நிர்ணயிப்பவர்கள் வெவ்வேறு இடங்களில் இருக்கிறார்கள். டீசலுக்கு மத்திய அரசின் கலால் வரி, மாநிலத்தின் வாட், எண்ணெய் நிறுவனங்களின் விலை. டோலுக்குத் தேசிய நெடுஞ்சாலை நிர்வாகம். பிரீமியத்துக்குச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். காலாண்டு சாலை வரிக்கு மாநில அரசு. ஒருவரிடம் போனால் அடுத்தவரைக் கைகாட்டுவார். டெல்லியும் சென்னையும் சேர்ந்து லாரிக்காரருடன் உட்கார நிரந்தர மேசை எதுவும் போடப்படவில்லை. அந்த மேசையின் இடத்தில்தான் பேட்டி நிற்கிறது. அத்தனை கதவுக்காரர்களும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஓர் இடம் என்றால் காலைப் பத்திரிகைதான்.

எதிரில் உட்கார ஆள் இருந்தால் கதை எப்படி மாறும் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று. 2025 மார்ச் 27 அன்று, நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் சமையல் எரிவாயுவை பாட்லிங் பிளாண்டுக்கு, அதாவது சிலிண்டரில் நிரப்பும் நிலையத்துக்கு, கொண்டுபோகும் வண்டிகள் இவை. காரணம், எண்ணெய் நிறுவனங்கள் புதிய டெண்டரில் போட்ட நிபந்தனைகள். 18 டன் ஏற்றும் டேங்கர் ஒன்று நின்றால் என்ன ஆகும்? 18,000 கிலோவை 14.2 கிலோவால் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1,270 வீட்டுச் சிலிண்டர். ஒரே வண்டியில் ஒரு பெரிய கிராமத்தின் அடுப்புகள் இருக்கின்றன. சங்கம் பேட்டி கொடுத்தது. எண்ணெய் நிறுவனங்களும் இருப்பு போதுமான அளவு இருக்கிறது, வீடுகளுக்குத் தட்டுப்பாடு வராது என்று அறிக்கை விட்டன. சங்கம் தட்டுப்பாட்டைச் சொல்லும், நிறுவனம் இருப்பைச் சொல்லும். நடுவில் நாம் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் எதிராளி யார் என்பது இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. மார்ச் 30 அன்று, நான்காம் நாளே, நிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது.

பேட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு: வதந்தியை அடக்குவது. 2024 ஜனவரி முதல் இரண்டு நாள் நினைவிருக்கும். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 106(2) பிரிவை எதிர்த்து வட மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள்; பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ச்சேதம் ஏற்படுத்திவிட்டு, போலீஸ் அதிகாரிக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் தப்பியோடினால் பத்தாண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது அந்தப் பிரிவு. பழைய சட்டத்தில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்ததற்கு உச்சத் தண்டனை இரண்டாண்டு. டிரைவர்கள் மத்தியில் பரவியதோ '7 லட்சம் ரூபாய் அபராதம்' என்ற பேச்சு. சட்டத்தின் வரியில் அந்தத் தொகையே இல்லை. ஜனவரி 2 இரவு மத்திய உள்துறைச் செயலாளர் மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸ் பிரதிநிதிகளோடு பேசினார். உங்களைக் கலந்து பேசிய பிறகே அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தார். டிரைவர்கள் வண்டிக்குத் திரும்ப வேண்டும் என்று சங்கம் கேமரா முன் கேட்டுக்கொண்டது. 2024 ஜூலை 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. டிரைவர்கள் நிறுத்திய வண்டிகளைக் கிளப்பச் சங்கத்தின் பேட்டி உதவியது. நிறுத்தச் சொல்வதற்கு மட்டும்தான் பேட்டி என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கோடிக் கணக்குக்கு வருவோம். இதில் மர்மம் ஒன்றுமில்லை, பெருக்கல் மட்டும்தான். நின்ற வண்டிகளின் எண்ணிக்கையை ஒரு வண்டியின் ஒரு நாள் வாடகையால் பெருக்குகிறார்கள். வாடகை என்பது இங்கே சரக்கு ஏற்றியதற்கு வண்டிக்காரர் வாங்கும் மொத்தத் தொகை. குறை அந்த 'மொத்த'த்தில்தான் இருக்கிறது.

புரிவதற்காக நாமே எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு மூன்று நாள். வாடகை 45,000 ரூபாய். டீசல், டோல், டிரைவர் பேட்டா, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்ந்து 35,000. கையில் நிற்பது 10,000. ஆறு நாள் வண்டி நின்றால் இரண்டு நடை போயிற்று. மொத்த வாடகைப்படி 90,000 ரூபாய் இழப்பு என்று பேட்டியில் வரும். ஆனால் எரிக்காத டீசலும் கட்டாத டோலுமாக 70,000 செலவாகவில்லை. உரிமையாளர் உண்மையில் இழந்தது 20,000. ஒரு லட்சம் வண்டி நின்றால் முதல் கணக்கு 900 கோடி, இரண்டாம் கணக்கு 200 கோடி. தலைப்பில் ஏறுவது எது என்பது உங்களுக்கே தெரியும்.

இருபதாயிரம்தானா என்று அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். மாதம் 60,000 ரூபாய் டியூ கட்டுகிறவர் என்றால், அந்த ஆறு நாளுக்கான டியூ மட்டும் 12,000. வண்டி ஓடினாலும் நின்றாலும் பைனான்ஸ்காரருக்கு அது போயாக வேண்டும். காப்பீடு, காலாண்டு வரி, எஃப்சி செலவு (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சான்று வாங்கும் செலவு) எல்லாவற்றுக்கும் மீதி 8,000-லிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

இந்தக் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டுப் போகிறார். உரிமையாளருக்கு மிச்சமான 70,000-ல் டிரைவரின் பேட்டாவும் இருக்கிறது. நடைக்கு இவ்வளவு என்று வாங்குகிற டிரைவருக்கும் கிளீனருக்கும் சுமைதூக்குபவருக்கும் அது மிச்சமே இல்லை, வருமான இழப்பு. சங்கத்தின் கோடிக் கணக்கு ஒரு பக்கம் ஊதியிருக்கிறது, இன்னொரு பக்கம் இவர்களைத் தவறவிட்டிருக்கிறது. இதோடு, எல்லா நடையும் இழந்த நடை ஆகிவிடாது. சிமெண்டும் இரும்பும் ஆரணி அரிசி மூட்டையும் கிடங்கில் காத்திருந்து அடுத்த வாரம் ஏறும். அந்த வாடகை தள்ளிப்போனது, அவ்வளவே. தக்காளி காத்திருக்காது. ஆகவே இனிமேல் இழப்பு என்ற எண்ணைக் கண்டால் மூன்று கேளுங்கள்: யாருடைய இழப்பு, செலவைக் கழித்த பிறகா கழிக்கும் முன்பா, போயே போயிற்றா தள்ளிப்போயிற்றா.

கடைசியாக உங்கள் வெங்காயம். வண்டி ஓடும்போதே விலை ஏறியதற்குக் காரணம் தட்டுப்பாடு இல்லை. தட்டுப்பாடு வரும் என்ற நினைப்பு. தொலைவிலிருந்து லாரியில் மட்டுமே வரும் சரக்கில்தான் அந்த நினைப்பு முதலில் வேலை செய்யும். பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது, பூண்டு மத்தியப் பிரதேசத்திலிருந்து, துவரை வட கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும். மண்டிக்காரர் அடுத்த லோடு எப்போதோ என்று கையிருப்பை இறுக்கிப் பிடிக்கிறார், உங்களைப் போன்றவர்கள் இரண்டு மூட்டை கூடுதலாகக் கேட்கிறீர்கள், விலை ஏறிவிடுகிறது. கீரை, கத்திரிக்காய், வெண்டைக்காய் சுற்று வட்டாரத்திலிருந்து 'சின்ன யானை' என்கிற சிறு சரக்கு வண்டியிலும் பஸ்ஸிலும் உழவர் சந்தைக்கு வந்துவிடும். நிறுத்தத்துக்கு அழைப்பு விடுவது பெரும்பாலும் பெரிய லாரிச் சங்கங்கள். இந்தச் சிறு வண்டிகள் வழக்கம்போல ஓடும். அதனால் ஸ்டிரைக் அறிவிப்பு வந்த மறுநாள் கீரைக் கட்டின் விலை ஏறினால், அதற்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பௌர்ணமிக் கிரிவலமும் அன்னதானமும் அந்த வாரத்தில் வந்தால் மட்டும், நம் ஊரில் தேவை தானாகவே கூடும். அதை லாரிச் சங்கத்தின் தலையில் கட்டக் கூடாது.

ஆக, சங்கத்தின் பேட்டி விலையைத் தொடுவதில்லை என்று சொல்லமாட்டேன். தொடுகிறது. அது நோக்கமில்லை, பக்க விளைவு. ஆனால் பக்க விளைவைக் குறைக்கச் சங்கங்களால் முடியும். குறைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

டோலைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சில சுங்கச்சாவடிகளுக்கு ஏப்ரல் 1 அன்றும் மற்றவற்றுக்கு செப்டம்பர் 1 அன்றும் கட்டணம் மாறும். 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்கு 3 சதவீதம், அதோடு மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதப் பங்கு சேரும். மொத்த விலைக் குறியீடு என்பது மொத்த வியாபாரத்தில் பொருள்களின் விலை எவ்வளவு ஏறியது என்று காட்டும் அரசாங்க அளவு. தேதியும் வாய்ப்பாடும் முன்கூட்டியே தெரிந்தவை. ஆண்டுக்கு இரண்டு முறை சங்கம் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று அறிக்கை விடுகிறது, பத்திரிகை ஒரு பத்தி போடுகிறது, மறுநாள் மறந்துவிடுகிறது. இதற்குப் பதிலாக, ஆரணியிலிருந்து சென்னைக்கு அரிசி ஏற்றிய ஒரு லாரி வழியில் எத்தனை சாவடியில் எவ்வளவு கட்டுகிறது, கிலோவுக்கு எத்தனை காசு கூடுகிறது என்று ஒரே ஒரு வண்டியின் சீட்டுகளை மேசையில் பரப்பிவைத்தால் அந்தச் செய்தியை யாராலும் ஒதுக்க முடியாது. வாங்குகிறவருக்கும் பயம் வராது. கிலோவுக்குச் சில காசுதான் என்று தெரிந்தால் மூட்டை மூட்டையாக யார் பதுக்குவார்கள்? டீசல் விலை 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் மாறும் முறைக்கு வந்தது. வாடகை பேசிய அன்று ஒரு விலை, சரக்கு இறக்கும் அன்று வேறு விலை என்ற அவஸ்தையையும் இப்படி ஒற்றை நடையின் பில்லை வைத்துக் காட்டலாம். ஆயிரம் கோடி என்றால் கேட்பவர் மலைத்துப்போவார், நம்பமாட்டார். ஒரு வண்டிக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, சரிதான் என்பார்.

அந்தக் கணக்கில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வண்டி வாடகை எவ்வளவு என்பதை உரிமையாளர் சொல்வார். அந்த வாடகை மூட்டைக்கு எவ்வளவாக உங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது என்பது உங்கள் கையிலுள்ள மண்டி பில்லில்தான் இருக்கிறது. அடுத்த முறை ஸ்டிரைக் அறிவிப்பு வரும்போது, சென்ற மாத பில்லையும் இந்த மாத பில்லையும் எடுத்துக்கொண்டு உள்ளூர் லாரிச் சங்க ஆபீசுக்கு ஒரு நடை போய் வாருங்கள். வாடகை ஏறியது எவ்வளவு, மண்டியில் விலை ஏறியது எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். உங்கள் பில்லும் அவர்கள் சீட்டும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும். அதன் பிறகு கொடுக்கும் பேட்டிக்கு நீங்களே சாட்சி சொல்லலாம்.